மாரமங்கலம் பஸ்ஸில் வந்த ஓடு

அக்கா,

நேற்றுக் காலை மாரமங்கலம் பஸ்ஸில் எனக்கு ஒரு ஓடு வந்தது. கண்டக்டர் அதைப் பழைய துண்டில் சுற்றி, முன் சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தார். "பாத்துப் புடிங்கம்மா. வளைவுக்கு வளைவு இதை ஒரு கையில அணைச்சுக்கிட்டேதான் டிக்கெட் கிழிச்சேன்" என்று சொல்லிக் கொடுத்தார். துண்டைப் பிரித்ததும் சாம்பிராணி வாசம் குப்பென்று ஏறியது. ஓடு முழுக்கக் கரி. முந்தானையால் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தேன். கரிக்குள்ளே, கம்பெனி முத்திரையாக, நம்முடைய வாத்து.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, ஓட்டை நெஞ்சோடு அணைத்தபடி நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. நீங்கள் போய் ஒரு காப்பி சீசன் முடிந்து, அடுத்ததும் முடிந்துவிட்டது. ஆனாலும் இந்தக் கதையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நடந்த எல்லாவற்றுக்கும் நீங்கள்தானே காரணம்.

முதலிலிருந்து சொல்கிறேன். சித்திரை மாதத்துக் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும், மழைக்கு முன்னால் வந்து ஊரையே ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் போகும். இந்த முறை எங்கள் சமையலறைக்குப் பின்னால் நிற்கிற சில்வர் ஓக்கின் பெரிய கிளை, மிளகுக் கொடியும் தானுமாக, கூரைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது. நல்லவேளையாக நான் வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். இவர் முன்னறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏதோ சத்தம் கேட்டாப்புல இருந்துதே" என்று, ஓவர் முடிந்து விளம்பரம் வந்த பிறகு எழுந்து வந்தார். வந்து பார்த்தால் அடுப்புக்கு நேர் மேலே வானம் தெரிகிறது.

ஓடு மாற்றச் சின்னதம்பியைக் கூப்பிட்டோம். காலையில் வரச் சொன்னால் மாலையில் வருகிற அதே சின்னதம்பிதான். சேலத்திலிருந்து புது ஓடு இறக்கிக்கொண்டு வந்து, ஏறி ஒன்றை வைத்துப் பார்த்தான். கோணலாக நின்றது. திருப்பி வைத்தான். அப்போதும் கோணல்தான். "ஏனுங்க அம்மிணி, இது அதுங்கூட உக்காராதுங்க. ஒரு விரக்கடை வித்தியாசம் வருது" என்றான். பக்கத்து ஓட்டின் பள்ளத்தில் இந்த ஓட்டின் விளிம்பு போய் உட்கார வேண்டும், அப்போதுதான் தண்ணீர் வழுக்கிக்கொண்டு கீழே போகும். உட்காராவிட்டால் நேராக என் குழம்புச் சட்டியில் இறங்கும். வாத்து போட்ட அந்தக் கம்பெனியோ நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே மூடியாயிற்று. இப்போது அந்த அளவில் யாருமே செய்வதில்லையாம்.

சேலத்தில் இருக்கிற என் மகனுக்குப் போன் போட்டால் அவன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். "மொத்தமா பிரிச்சுட்டு ஷீட் போட்டுடலாம்மா. ஆள் பேசிட்டேன். திங்கக்கிழமை வந்து அளவெடுத்துட்டு அன்னைக்கே பிரிக்க ஆரம்பிச்சுருவாங்க." ஒரு மூலை உடைந்ததற்கு மொத்தக் கூரையும் போகவேண்டுமா என்று கேட்டேன். "ஓடு கெடைக்காதும்மா" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

எனக்கு இந்தக் கூரைதான் வேண்டும், அக்கா. ஷீட்டுக்குக் கீழே பகலில் வெந்து, பனிக்காலத்தில் விறைத்து, மழை வந்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காமல் உட்கார எனக்கு இஷ்டமில்லை. அதோடு, படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் வரிசை வரிசையாக வாத்துகள் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு போகுமே, அதுவும் எனக்கு வேண்டும். "உங்க ஊட்டுல மழை பேஞ்சா மொதல்ல சந்தோசப்படறது அதுங்கதான்" என்று நீங்கள் சொல்லிச் சொல்லி, மழைச் சத்தம் கேட்டாலே எனக்குக் கண் தானாக மேலே போகும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பழைய ஓடு கிடைத்துவிட்டால் ஷீட் ஆட்களை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று மகனிடம் கறாராகச் சொன்னேன். சரி என்றான், சிரித்துக்கொண்டே. இருந்தது ஒரு வாரத்துக்கும் குறைவு. வேண்டியதோ நாற்பது ஓட்டுக்குக் குறையாது.

போனை வைத்ததும் எனக்கு உங்கள்மேல் வந்தது பாருங்கள் கோபம்! உயிரோடு இருந்திருந்தால் வேலியைத் தாண்டி வந்து சண்டை போட்டிருப்பேன். ஏனென்றால் இந்த உலகத்தில் வாத்து ஓடு போட்ட வீடு இரண்டுதான் எனக்குத் தெரியும். ஒன்று எங்களுடையது. இன்னொன்று உங்களுடையது, நீங்கள் பிரித்துவிட்டு மாடி கட்டிக்கொண்டீர்களே அது.

எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் நீங்கள் பிரித்த ஓட்டையெல்லாம் பலா மரத்தடியில் அழகாக அடுக்கி வைத்திருந்தீர்கள். அப்போதே நான் கேட்டேன். "அக்கா, இதெல்லாம் எனக்கு வேணும், ஒண்ணு உடைஞ்சாக்கூட மாத்திக்கலாம்." நீங்களும், "உனக்குத்தான் கண்ணு எல்லாம், எடுத்துக்க" என்றீர்கள். எங்கள் முற்றம் முழுக்கக் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. சீசன் முடியட்டும், பிறகு கொண்டுவந்து வைக்கலாம் என்று விட்டேன். சீசன் முடிந்து வந்து பார்த்தால் குவியல் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது.

உங்கள் வீட்டுக்கு எதிரில்தான் பஸ் நிற்கும், ஜீப்பும் நிற்கும். மஞ்சக்குட்டைக்காரர்களும் கிளியூர்க்காரர்களும் மாரமங்கலத்துக்காரர்களும் மார்க்கெட்டில் சாமான் வாங்கிவிட்டு, வண்டி வரும்வரை உங்கள் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் காப்பி கொடுப்பீர்கள். அத்தோடு நிறுத்தினீர்களா? வண்டி ஹாரன் அடித்ததும் உங்கள் கை பரபரக்கும். "ஏனுங்க, வெறுங்கையோட போறீங்களா?" என்று ஒரு வாழைப்பழமோ கறிவேப்பிலைக் கொத்தோ எடுத்து நீட்டுவீர்கள். ஒருநாள் வீட்டில் ஒன்றுமே இல்லை. சுற்றும் முற்றும் பார்த்து, ஓடு ஒன்றை எடுத்து ஒரு பெண்ணின் கையில் வைத்தீர்கள். நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாம்பூலம் கொடுக்கிற பக்குவத்தில் ஓடு கொடுத்த ஒரே ஆள் இந்த மலையில் நீங்கள்தான்.

அதற்கப்புறம் உங்களைப் பிடிக்க முடியவில்லை. டாக்டர் மருந்து எழுதுகிற மாதிரி ஆளுக்கொரு உபயோகம் சொல்லிக் கொடுத்தீர்கள். "கோழிக்குத் தண்ணி வெக்கலாமுங்க." "சூடு பண்ணி துணியில சுத்தி இடுப்புக்கு ஒத்தடம் குடுங்க, நொம்ப நல்லது." "கொழந்தைக்குத் தலைக்கு ஊத்துனா இதுல கங்கு போட்டு சாம்பிராணி காட்டு சாமி, மண்ணு ஓடு, சூடு நிக்கும்." வாங்கினவர்களும் சிரித்துக்கொண்டே மடியில் வைத்துக்கொண்டு ஜீப் ஏறினார்கள். கடைசியில் பலா மரத்தடியில் எறும்புப் புற்றுதான் மிச்சம்.

நான் வந்து கத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? "என் கூரையையே தானம் பண்ணிட்டீங்களே" என்றேன். உங்கள் முகத்தில் ஒரு வருத்தம்கூட இல்லை. "போகட்டும் கண்ணு. ஓடு எங்க போயிரப் போகுது? இந்த மலையிலதான இருக்கப் போகுது" என்றீர்கள். அந்த ஆரஞ்சு சீசன் முழுக்க நான் உங்களோடு பேசவில்லை. பேச்சுதான் கிடையாது, கிண்ணம் போய் வந்துகொண்டேதான் இருந்தது. சாம்பார் ஊற்றி நீங்கள் வேலிக்கு மேலே வைப்பீர்கள். அதையே கழுவி, பொரியலோ பச்சடியோ போட்டு நான் திருப்பி வைப்பேன். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதில் நாம் இரண்டு பேருமே பிடிவாதம். அந்த எவர்சில்வர் கிண்ணம் முதலில் யாருடையது என்று கடைசிவரை தெரியாமலே போயிற்று. இப்போது அது என்னிடம் இருக்கிறது. நீங்கள் கடைசியாக எலுமிச்சை ஊறுகாய் வைத்து அனுப்பியது. திருப்பி வைக்க வேண்டியது என் முறை. அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தேன், ரொம்ப நாளாக.

சரி, கோபம் ஆறியதும் உங்கள் வார்த்தை நினைவுக்கு வந்தது. இந்த மலையில்தானே இருக்கப் போகிறது. அப்படியென்றால் போய்ப் பார்த்துவிடுவோமே என்று கிளம்பினேன். இவர், "குடுத்ததைத் திருப்பிக் கேக்கறியே, நல்லாவா இருக்கு" என்றார். நல்லாத்தான் இல்லை. அதுவும் நான் கொடுத்ததுகூட இல்லை. கிளியூரில் நான் தட்டிய முதல் வீட்டு வாசலிலேயே கோழி ஒன்று வாத்து ஓட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. காற்று, கிளை, கூரை என்று சுற்றி வளைத்து ஒருவழியாக விஷயத்துக்கு வந்தேன். அந்த அம்மாள், "பஸ் ஸ்டாப் அக்கா குடுத்த ஓடுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கோழியை விரட்டிவிட்டு, ஓட்டைத் தேய்த்துக் கழுவி, உள்ளே போய் இரண்டு பிடி அவரையைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள். "அந்தக்கா பொருளை வெறுமையா அனுப்புனா நல்லாருக்குங்களா?" என்றாள்.

நான் அவரையும் ஓடுமாக வீடு வந்து சேர்ந்தபோதே செய்தி எனக்கு முன்னால் ஓடிவிட்டது. ஜீப் டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள், பேக்கரியில் பேசிக்கொண்டார்கள், மார்க்கெட்டில் காய் போடுகிறவர்கள் ஊருக்கு ஊர் சொல்லி அனுப்பினார்கள். மறுநாளிலிருந்து நான் எங்கேயும் போகவேயில்லை. மஞ்சக்குட்டை ஜீப்பில் ஒரு ஓடு வந்தது, மேலே சாமை ஒரு படி. அடுத்த ஜீப்பில் இரண்டு ஓடு, இரண்டிலும் பட்டர் ஃப்ரூட். ஒருவர் ஓட்டோடு பச்சை மிளகுச் சரம் கொண்டுவந்தார், ஒருவர் கொய்யா, ஒரு வயசாளி தன் வீட்டுத் தேன். ஒத்தடம் கொடுத்துக் கொடுத்து ஒரு பக்கம் கன்றிப்போன ஓடு, மஞ்சள் குங்குமம் பூசின ஓடு, யாரோ பிள்ளை சாக்பீஸில் ஒன்று இரண்டு எழுதிப் பழகின ஓடு. ஓட்டை வாங்குவேன், மேலே இருக்கிறதை இறக்குவேன், அப்படியே ஒரு கதையும் இறங்கும். "எம்புள்ள காய்ச்சல்ல கெடந்தப்ப அந்தக்காதான் ஜீப்புக்காரரை அதட்டி நிறுத்துனாங்க." "எனக்குக் கல்யாணமான புதுசுல அழுதுக்கிட்டு உக்காந்திருந்தேன், ஒண்ணுமே கேக்காம காப்பி குடுத்தாங்க." உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதது இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அக்கா. பொறாமையாகக்கூட இருந்தது. நான் என்னமோ நீங்கள் எனக்கு மட்டும்தான் அக்கா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னதம்பி கூரைமேல் உட்கார்ந்துகொண்டு, வர வர ஒவ்வொன்றாக வைத்தான். ஒவ்வொன்றும் பள்ளத்தில் போய் 'டொக்'கென்று உட்காரும்போது, கீழே நிற்கிற எல்லோரும் ஒரு சத்தம் போடுவார்கள். இவர் கிரிக்கெட்டை விட்டுவிட்டு நாற்காலியைப் பின்பக்கம் கொண்டுவந்து போட்டுக்கொண்டார் என்றால் பாருங்களேன். எங்கள் வீட்டில் அந்த வாரம் சமையல் எல்லாம் விறகு வைத்து வெளியில்தான். வந்தவர்களுக்குச் சாமைச் சோறும் அவரைக் குழம்பும். கல்யாண வீடு மாதிரி இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு இடம் மிச்சம். அடுப்புக்கு நேர் மேலே. வர வேண்டிய ஓடெல்லாம் வந்தாயிற்று. உடைந்து போனவை போக, ஒரே ஒரு ஓட்டைப் பற்றி மட்டும் தகவல் இருந்தது. மாரமங்கலத்தில் ஒரு பெண் வைத்திருந்தாள். ஆனால் ஜீப்பில் பதில் சொல்லி அனுப்பியிருந்தாள், தர முடியாது என்று. அவளுடைய பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதில்தான் சாம்பிராணி போட்டாளாம். இப்போது மகளுக்குக் குழந்தை பிறந்து வீட்டில் இருக்கிறது, தினமும் தலைக்கு ஊற்றினால் அந்த ஓடுதான் வேண்டும். கேட்டதும் எனக்கே, சே, இதைப் போய்க் கேட்டோமே என்றாகிவிட்டது. அது பிள்ளையிடமே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். சின்னதம்பி தகரத்தை வெட்டி அங்கே சொருகிவிடலாம் என்றான். சரி என்றேன். தெற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மனசுக்குள் மட்டும் முள் மாதிரி அந்த ஒரு இடம் உறுத்திக்கொண்டேயிருந்தது. ஒரு இடம் ஒழுகினாலும் மகன், "நான் அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பித்துவிடுவான்.

அப்புறம்தான் நேற்றுக் காலை, பஸ்ஸில், துண்டு சுற்றிக்கொண்டு அது வந்தது.

கண்டக்டரிடம் கேட்டேன், தர மாட்டேன் என்றவள் எப்படிக் கொடுத்தாள் என்று. "ராத்திரி முழுக்க யோசிச்சாங்களாம். அந்தக்கா உசுரோட இருந்து கேட்டிருந்தா குடுக்காம இருப்பேனான்னு தோணுச்சாம். இன்னொண்ணும் சொல்லச் சொன்னாங்க. மேல ஒண்ணுமே வெக்கலன்னு நெனைச்சுக்க வேண்டாமாம். மூக்குக்கிட்ட வெச்சுப் பாக்கச் சொன்னாங்க" என்றார். அப்போதுதான் அக்கா, நான் சிரித்து அழுதது.

அந்தப் பஸ் திரும்பிப் போவதற்குள் வீட்டுக்கு ஓடினேன். சேர்ந்திருந்த ஓடுகளில் கொஞ்சம் ஓரம் சில்லுப் போனவை நாலைந்து மிச்சம் இருந்தன, கூரைக்கு ஆகாதவை. அதில் நல்லதாக ஒன்றை எடுத்தேன், பிள்ளைக்குப் புகை போட அது போதும். அலமாரியில் கவிழ்ந்து கிடந்த நம் கிண்ணத்தை நிமிர்த்தி, அன்றைக்கு அரைத்த காப்பித்தூளைக் கோபுரமாக நிரப்பி, தட்டு போட்டு மூடி, ஓட்டின்மேல் வைத்துக் கட்டிக் கண்டக்டர் கையில் கொடுத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "இப்ப ரெண்டு கையாலயும் புடிக்கணுமாட்ட இருக்குதே" என்று முனகிக்கொண்டே ஏறினார். கிண்ணம் மறுபடியும் கிளம்பிவிட்டது. அது வெறுமையாகத் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் சின்னதம்பி சாம்பிராணி ஓட்டை வைத்தான். கழுவ வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். டொக்கென்று உட்கார்ந்தது. சாயங்காலம் மழை ஒரு பிடி பிடித்தது. நான் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டேயிருந்தேன். இவர் நம்பிக்கையில்லாமல் சமையலறைக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டு இறங்கவில்லை. வெள்ளை வாத்து, மஞ்சள் வாத்து, கறுப்பு வாத்து என்று எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. காலையில் வெயில் பட்டதும் அந்த மூலையிலிருந்து சாம்பிராணி வாசம் லேசாகக் கீழே இறங்கியது. குழந்தை இருக்கிற வீடு மாதிரி இருக்கிறது என்று இவரே சொன்னார்.

இதில் ஒரே ஒரு சங்கதி விட்டுப்போயிற்று. ஷீட் ஆட்களை வேண்டாம் என்று சொல்ல எல்லோருமே மறந்துவிட்டோம். நான் சொல்வேன் என்று மகன் இருந்திருக்கிறான், மகன் சொல்வான் என்று நான். இன்றைக்குப் பத்து மணிக்கு வாசலில் வண்டி வந்து நிற்கிறது. அளவெடுக்கிற டேப்பும் கையுமாக ஒருவர் இறங்கினார். சேலத்திலிருந்து அத்தனை வளைவும் ஏறி வந்த மனிதர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன், நடந்ததைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். "வாத்துங்களா?" என்றார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "நான் போடற ஷீட்ல இந்த மாதிரி பாக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காதுங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கும்பிடு போட்டுக் கிளம்பினார்.

அவர் வண்டியைக் கிளப்பி ஹாரன் அடித்தாரோ இல்லையோ, என் கை பரபரத்தது. அவரைக்காய் நேற்றே தீர்ந்துவிட்டது, பட்டர் ஃப்ரூட்டை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டேன். சுற்றும் முற்றும் பார்த்தேன். சுவரோரம் அந்தச் சில்லுப் போன ஓடுகள் இருந்தன.

"ஏனுங்க, வெறுங்கையோட போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே, ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினேன், அக்கா. இவர் வாசலில் நின்று, "அடியே, நாளைக்கு ஒண்ணு உடைஞ்சா என்ன பண்ணுவே?" என்று கத்தினார்.

எங்க போயிரப் போகுது என்று திரும்பிப் பார்த்துச் சொன்னேன்.